எங்கே விரைவது, எங்கே நிதானிப்பது

35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 வீதம் ஓடவிட்டால் நிமிடத்துக்கு 90 அடி போய்விடும். 1,000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கேமரா ஓடும்போது கூடவே பணமும் ஓடுகிறது என்று செட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். டேக்குக்கு முன் ஒத்திகை நடக்கும், வேண்டியது கிடைத்ததும் ‘கட்’ விழும். மெமரி கார்டு வந்தபின் அந்த பயம் போய்விட்டது. ஒத்திகையும் பதிவாகிறது. விளக்கை நகர்த்துவதும், நடிகர் வசனத்தை மறந்து சிரிப்பதும், அணைக்க மறந்த கேமரா தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதும்கூடப் பதிவாகிறது. கடைசியில் அத்தனையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடிட்டரிடம் வந்து சேரும். “எல்லாம் இதுல இருக்கு சார், பாத்துக்கோங்க.”

அந்த ‘பாத்துக்கோங்க’தான் நிஜமான வேலை. பெரும்பாலும் அதைத்தான் யாரும் செய்வதில்லை.

நான் எடிட் செய்வது ஆவணப்படங்கள், குறும்படங்கள், எப்போதாவது ஒரு முழுநீளப் படம். டிஸ்க் கைக்கு வந்ததிலிருந்து படம் கையை விட்டுப் போகும்வரை என்ன வரிசையில் வேலை செய்கிறேன் என்று புதிதாக எடிட்டிங் பழகுகிறவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் கீபோர்டு ஷார்ட்கட் பட்டியல். ஷார்ட்கட் பழகுவது நல்லதுதான், ஒரு வாரத்தில் கை தானாகப் பழகிவிடும். ஆனால் அதில் மிச்சமாவது நொடிகள். எடுத்த பதிவு முழுவதையும், அதாவது ஃபுட்டேஜை, பார்க்காமல் வெட்டத் தொடங்கினால் போவது படமே.

கணினிக்கு முன்னால் எடிட்டிங் எப்படி நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும். ஃபிலிமை ஓடவிட்டுப் பார்த்து வெட்ட உதவும் மூவியோலா இயந்திரம் 1924இல் வந்தது. அதற்குப் பிறகு ஸ்டீன்பெக் மாதிரியான மேஜை இயந்திரங்கள் வந்தன. அவற்றில் சுருளின் நடுவில் இருக்கும் ஒரு ஷாட் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் உருட்டிக் கடந்துதான் போகவேண்டும். அந்த உருட்டலில் தேடாத ஷாட்டுகளும் கண்ணில் படும். முந்தின வாரம் ஒதுக்கிய ஒரு முகபாவம் இன்றைக்குத் தேவையாகத் தெரியும். அந்த இயந்திரங்களில் வேலை செய்து பின்னர் கணினிக்கு மாறிய ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் இந்த இழப்பைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். 1989இல் ஆவிட் என்ற கணினி எடிட்டிங் முறை சந்தைக்கு வந்தபிறகு எந்த ஷாட்டுக்கும் ஒரு கிளிக்கில் போகலாம் என்றாகிவிட்டது. கேட்டதை மட்டும் கொடுக்கும் இயந்திரம் கேட்காததைக் காட்டாது.

ஆக, என்னுடைய வேலைமுறை முழுக்க ஒரே கணக்கில் அமைந்தது. இயந்திரம் செய்யக்கூடியதையெல்லாம் யோசிக்கவே தேவையில்லாத அளவுக்கு இறுக்கிவிட வேண்டும். அங்கே மிச்சமாகும் நேரத்தையும் தெம்பையும் பார்ப்பதில் கொட்ட வேண்டும்.

முதலில் இயந்திர வேலைகள்.

கார்டிலிருந்து டிஸ்குக்குக் கோப்புகளை மவுஸால் இழுத்துப் போட்டு, பச்சைக் கோடு முடிந்ததும் கார்டை அழித்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘காப்பி முடிந்தது’ என்று கணினி சொல்வதற்கு, எழுதி முடித்தேன் என்றுதான் பொருள். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட்டேன் என்று அது சொல்லவில்லை. அந்த ஒப்பீட்டுக்குத்தான் செக்சம் இருக்கிறது: கோப்பின் எல்லா பிட்டுகளையும் ஒரு கணக்கில் போட்டு ஒரு சிறிய எண்ணாகச் சுருக்குவது. ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் வேறாக வரும். எம்டி5 பழைய முறை, எக்ஸ்எக்ஸ்ஹாஷ் அதைவிட வேகமானது. இதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே குளோன் டூல் என்ற வசதி இருக்கிறது. சரிபார்த்த இரண்டு பிரதிகள் தனித்தனி டிஸ்குகளில் வரும்வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய 3-2-1 கணக்கை முடிந்தவரை கடைப்பிடிக்கிறேன். ஒரே மேஜையில் அடுத்தடுத்து வைத்த இரண்டு டிஸ்குகளும் ஒரே திருடனிடம், ஒரே தீயில் போய்விடும்.

கார்டுக்குள் இருக்கும் ஃபோல்டர் அமைப்பைக் கலைக்காமல் அப்படியே எடுக்க வேண்டும். உள்ளே நுழைந்து வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்குவது ஆபத்து. நீளமான ஷாட்டைப் பல கேமராக்கள் துண்டு துண்டாகத்தான் எழுதுகின்றன. கார்டில் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது என்பதால் வந்த பழக்கம் இது. துண்டுகளை ஒட்டும் தகவல் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோப்புகளில் கிடக்கும். அவற்றை விட்டுவிட்டால் ஒரே பேட்டி நான்கு துண்டாக வந்து நிற்கும், ஒட்டுமிடத்தில் சத்தம் ‘டிக்’ என்று துள்ளும்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஃபோல்டர். பெயரில் தேதி, கேமரா, கார்டு எண்: 20240512, ஏ, 003 என்ற வரிசையில். ஆண்டை முன்னால் போட்டால் அகரவரிசையும் நாள்வரிசையும் ஒன்றாகிவிடும். பல கேமராக்கள் புதிய கார்டு போட்டதும் எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரே பெயரில் ஐந்து வெவ்வேறு ஷாட்டுகள் இருந்தால், ஆறு மாதம் கழித்து எடிட்டை மூலக் கோப்புகளோடு இணைக்கும்போது மென்பொருள் தவறானதைப் பிடித்துக்கொள்ளும். பெயர் மாற்றுவதானால் முதல் வெட்டுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். அதற்கப்புறம் தொடக் கூடாது.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. ஷாட்டுகளை அடுக்கும் டைம்லைன் எந்த வேகத்தில் ஓடப்போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் கடைசி நாள்வரை துரத்தும். 23.976 என்று நாம் சொல்வது உண்மையில் 24000ஐ 1001ஆல் வகுத்த எண். 24ஐவிட 0.1 சதவீதம் மெதுவானது. அற்பமாகத் தெரியும், ஆனால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி வித்தியாசம் வந்துவிடும். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். 29.97இன் கதையும் இதேதான்: 1953இல் அமெரிக்கத் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியபோது 30ஐக் கொஞ்சம் குறைத்தார்கள், அந்தக் கொசுறை இன்றுவரை சுமக்கிறோம். அதன் டைம்கோடு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தரும் மணி-நிமிட எண், கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டுமென்பதற்காக ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிடுவார்கள், பத்தால் வகுபடும் நிமிடங்களைத் தவிர. மணிக்கு 108 எண்கள் காணாமல் போகும். படத்தில் ஒரு ஃபிரேமும் போகாது, எண்தான் போகும். இது தெரியாமல் ஃபிரேம் தொலைந்துவிட்டதென்று பதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபோனில் எடுத்த ஃபுட்டேஜ் தனி ரகம். வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து ஃபோன் தன் ஃபிரேம் ரேட்டைத் தானே மாற்றிக்கொள்ளும். அதை நேராக டைம்லைனில் போடாமல் முதலில் ஒரே வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிராக்ஸி, அதாவது எடிட் செய்வதற்கான லேசான பிரதி, செய்யும் கட்டத்திலேயே இதையும் முடித்துவிடலாம்.

பிராக்ஸி ஏன் என்று கேட்பவர்களுக்கு: ஹெச்.264 மாதிரி சுருக்கும் முறைகளில் எல்லா ஃபிரேமும் முழுதாகப் பதிவாவதில்லை. சிலது முழுதாக இருக்கும், மற்றவை ‘முந்தினதிலிருந்து இவ்வளவு மாற்றம்’ என்ற குறிப்பாக மட்டும் இருக்கும். நேராக ஓடவிட்டால் பிரச்சினையில்லை. ஆனால் ஒரு ஃபிரேம் பின்னால் போ என்றால், கணினி பின்னால் ஓடி முழு ஃபிரேமைத் தேடி அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வரவேண்டும். எடிட்டிங் என்பதே முன்னும் பின்னும் போய்வருவதுதானே. புரோரெஸ், டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் போன்றவை ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக வைப்பதால் கோப்பு பெரிதாகும், கை லேசாகும். 1080 அளவில், 29.97 வேகத்தில், புரோரெஸ் 422 ஹெச்க்யூ நொடிக்கு 220 மெகாபிட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 99 ஜி.பி. அதே குடும்பத்தின் பிராக்ஸி வகை 45 மெகாபிட், மணிக்கு 20 ஜி.பி. 50 மணி நேர ஃபுட்டேஜுக்கு ஏறத்தாழ ஒரு டெராபைட் ஆகும், ஒரு சின்ன டிஸ்கோடு எங்கும் உட்கார்ந்து எடிட் செய்யலாம். பெயர், டைம்கோடு, ஃபிரேம் ரேட், ஆடியோ சேனல்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் மூலத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டும். இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்திருந்தால் அதைப் படத்தோடு பொருத்தும் சிங்க் வேலையை, ரஷ்ஷை (வெட்டாத ஃபுட்டேஜை) உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நான் இதில் பிடிவாதக்காரன். கேமராவின் சொந்த மைக்கில் பதிவான இரைச்சலோடு ரஷ்ஷைப் பார்த்தால் நடிப்பை நம்மால் சரியாக எடைபோட முடியாது. காதுக்குப் பிடிக்காததைக் கண்ணும் ஒதுக்கிவிடும். கிளாப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒலி அலையை வைத்து மென்பொருளே பொருத்தும், கேமரா தூரத்தில் இருந்த ஷாட்டுகளில் ஏமாற்றும். ஷாட்டின் தலையில் ஒருமுறை, வாலில் ஒருமுறை உதட்டைப் பார்த்துவிட்டால் போதும்.

இவ்வளவும் முடிந்தபிறகு உட்கார்ந்து பார்ப்பது.

எல்லாவற்றையும், எடுத்த வரிசையிலேயே, நிறுத்தாமல், வேகத்தைக் கூட்டாமல். கை மவுஸில் இருக்கக் கூடாது. ஒரு நோட்டு, ஒரு பேனா. சாஃப்ட்வேரிலேயே குறிப்பு எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் ஒவ்வொரு குறிப்புக்கும் கை ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தும், படம் துண்டாகும். காகிதத்தில் கிறுக்கினால் கண் திரையை விட்டுப் போகாது. கையெழுத்து கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. பிராக்ஸியின் மூலையில் டைம்கோடு எரித்து, அதாவது படத்தின் மேலேயே பதித்து, வைத்திருந்தால் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

என்ன எழுதுவது? ‘நல்ல ஷாட்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதற்குப் பொருளே இருக்காது. எங்கே சிரித்தேன், எங்கே கவனம் வேறெங்கோ போனது, யாருடைய பேச்சை நம்பவில்லை, எந்த இடத்தில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன் என்றுதான் எழுதுகிறேன். ஃபோகஸ் போயிருக்கிறது, மைக் தெரிகிறது என்பதெல்லாம் இப்போது வேண்டாம், அவை பிறகும் அங்கேயேதான் இருக்கும். முதல் முறை பார்க்கும்போது வரும் உணர்வு மட்டும் இரண்டாம் முறை வராது. திரையரங்கில் பார்வையாளருக்கு இருக்கப்போவது அந்த ஒரு முறைதான். படத்தை இருநூறு தடவை பார்த்து மரத்துப்போனபின் அவர்களுடைய கண்ணை எனக்குத் திருப்பித் தருவது இந்த நோட்டு மட்டுமே.

இந்த முதல் பார்வைக்கு இயக்குநர் பக்கத்தில் இல்லாதிருப்பது நல்லது. சொன்னால் சிலர் வருத்தப்படுவார்கள். ஒரு ஷாட்டுக்காக விடியலுக்கு முன்பே எழுந்து மலையேறியது அவருக்குத் தெரியும், அந்தக் களைப்பு அவர் பார்வையில் ஷாட்டின் மதிப்பைக் கூட்டும். பார்வையாளருக்கு மலையும் தெரியாது, விடியலும் தெரியாது. நான் தனியாகப் பார்த்து முடித்தபின் இருவரும் சேர்ந்து இரண்டாம் முறை பார்ப்போம். அப்போது அவர் சொல்வதை ஒரு வரி விடாமல் எழுதுகிறேன்.

‘கட்’ சொன்னபிறகு கேமரா நிற்பதற்குள் ஓடும் சில நொடிகளைத் தவறவிடாதீர்கள். ஓர் ஆவணப்படத்தில் ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் ஒப்பித்த மாதிரியே பேசினார். எல்லாம் சரியான தகவல், எதுவும் ஒட்டவில்லை. பேட்டி முடிந்தது என்றதும் தோளைத் தளர்த்தி, “சரியாத்தான் சொன்னேனா தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியும் முகமும்தான் படத்தில் அவருடைய முதல் ஷாட் ஆனது. தேர்ந்தெடுத்த துண்டுகளை மட்டும் கொடுங்கள் என்று நான் கேட்டிருந்தால் அது டிஸ்கிலேயே கிடந்திருக்கும்.

இப்போது பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதி எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் வந்துகொண்டிருக்கிறது. பேட்டிகள் நிறைய இருந்தால் இது பெரிய வரம். ஒரு சொல்லைத் தட்டினால் அது வந்த இடமெல்லாம் நிற்கும். படத்தின் எலும்புக்கூட்டைக் காகிதத்தில் அடுக்கிப் பார்க்கவும் நான் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் எழுத்தை மட்டும் படித்து எந்தத் துண்டு வேண்டும் என்று முடிவு செய்வதில்லை. கேட்டவுடன் சொன்ன ‘ஆமா’வும், மூன்று நொடி தரையைப் பார்த்துவிட்டுச் சொன்ன ‘ஆமா’வும் காகிதத்தில் ஒன்றுதான்.

40 மணி நேர ஃபுட்டேஜ் என்றால் பார்ப்பதற்கே ஒரு முழு வாரம் வேண்டும். தயாரிப்பாளர்களுக்கு இந்த வாரம் கண்ணில் படுவதில்லை, “இன்னும் கட்டே பண்ணலையா?” என்று நான்காம் நாள் ஃபோன் வரும். அதனால் அட்டவணையிலேயே ‘ரஷ் பார்ப்பது’ என்று தனி வரி போட்டு, அதற்கும் சேர்த்துத்தான் ஊதியம் பேசுகிறேன்.

மர்ச்சிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொரு பழக்கம்: ஒவ்வொரு கேமரா அமைப்பிலிருந்தும் ஒரு ஃபிரேமைப் படமாக எடுத்துச் சுவரில் ஒட்டுவது. அவர் இதைப் பல ஆண்டுகள் செய்தவர். அச்சிட வசதியில்லாத வேளைகளில் இரண்டாவது திரையில் பரப்பி வைக்கிறேன். நோட்டில் ‘வாசலில் நிற்கிறாள்’ என்று எழுதியிருப்பேன். படமாகப் பார்க்கும்போதுதான் அந்த வாசலின் நீலமும் வேறொரு காட்சியின் நீலமும் ஒன்று என்று கண்ணில் படும். பழைய இயந்திரம் உருட்டும்போது தானாகக் கிடைத்ததில் கொஞ்சம் இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

பிறகு அடுக்குவது. கதைப்படத்துக்குக் காட்சிவாரியாக ‘பின்’ (bin) எனப்படும் மென்பொருள் ஃபோல்டர், ஆவணப்படத்துக்கு ஆள்வாரியாகவும் இடவாரியாகவும். வண்ணக் குறிகளும் தேடுசொற்களும் ஓர் அளவோடு போதும். நூறு தேடுசொல் போட்டு ஃபுட்டேஜை நூலகமாக்குகிறவர்கள் பெரும்பாலும் வெட்டத் தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

தேர்வு செய்ய எளிய வழி ஒன்று: ஒரு காட்சியின் எல்லா ஷாட்டுகளையும் வரிசையாக ஒரே டைம்லைனில் போட்டு, பிடித்த துண்டை மட்டும் ஒரு டிராக் மேலே ஏற்றிவிடுவது. மறுபடி ஓடவிட்டு, அதிலும் பிடித்ததை இன்னொரு டிராக் மேலே. எதையும் அழிப்பதில்லை. மேலே இருப்பது போதவில்லை என்றால் கண்ணைக் கீழே இறக்கினால் அக்கம்பக்கத்தில் இருந்தது தெரியும். பின்னுக்குள் துண்டுகளைத் தனித்தனியாக வெட்டி வைத்தால் இந்த அக்கம்பக்கம் கிடைக்காது.

முதல் அடுக்கு அசிங்கமாகத்தான் இருக்கும். முதல் காட்சியை மூன்று வாரம் இழைத்துவிட்டுப் பிறகு அந்தக் காட்சியே தேவையில்லை என்று தெரிந்துகொள்வதைவிட, முழுப் படத்தையும் கரடுமுரடாக ஒருமுறை நீட்டிவிடுவது மேல். இசை போடுவதில்லை. தற்காலிக இசை சுமாரான கட்டைக்கூடத் தூக்கி நிறுத்திவிடும், அதை எடுத்த நாளில்தான் காட்சி நடக்கவே இல்லை என்று தெரியும். காலையில் உட்கார்ந்ததும் நேற்றைய டைம்லைனைப் பிரதியெடுத்து இன்றைய தேதியைப் பெயரில் போடுகிறேன். ‘ஃபைனல்’ என்ற சொல்லை எந்தக் கோப்புக்கும் வைப்பதில்லை. முந்தைய நாள் பத்திரமாக இருப்பதால் துணிந்து உடைக்க முடிகிறது.

வாரம் ஒருமுறையாவது முழுப் படத்தையும் கீபோர்டு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், மறுபடியும் நோட்டோடு. படம் தெரியாத மூன்று நான்கு பேரை உட்கார வைத்துக் காட்டும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. எங்கே நெளிகிறார்கள், எங்கே ஃபோனை எடுக்கிறார்கள் என்று பின்னாலிருந்து கவனிப்பேன். எந்த இடம் இடிக்கிறது என்று அவர்கள் சொல்வது அநேகமாகச் சரியாக இருக்கும். எப்படிச் சரிசெய்வது என்று சொல்வது அநேகமாகத் தவறாக இருக்கும். கடைசிக் காட்சி நீளம் என்று நான்கு பேரும் சொன்னால், பெரும்பாலும் நடுவில் எங்கோ ஒரு காட்சி அதே விஷயத்தை ஏற்கெனவே சொல்லித் தீர்த்திருக்கும்.

பிக்சர் லாக் ஆனபின், அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவானபின், மறுபடி இயந்திர வேலை. வெட்டுகளின் விவரத்தை மற்ற மென்பொருள்களுக்குக் கொண்டுபோகும் கோப்புகள்: ஒலிக்கு ஏஏஎஃப், நிறத்துக்கு எக்ஸ்எம்எல் அல்லது ஈடிஎல், கூடவே டைம்கோடு எரித்த ஒரு பார்வைப் பிரதி. ஒவ்வொரு ஆடியோ துண்டுக்கும் இரு பக்கமும் சில நொடி கூடுதல் விட்டுக் கொடுங்கள், ஒலிக்காரர் வாழ்த்துவார். படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால் ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ஒரு ‘பீப்’ வைத்தால், ஒலியும் படமும் பின்னால் சேரும்போது ஒரு பார்வையில் சரிபார்க்கலாம். வேகம் மாற்றிய ஷாட்டுகளையும் பெரிதாக்கிய ஷாட்டுகளையும் தனிப் பட்டியலாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மென்பொருள் மாறும்போது அவைதான் முதலில் தடம் புரளும். வசனம், சத்தம், இசை மூன்றையும் முதல் நாளிலிருந்தே தனித்தனி டிராக்குகளில் வைத்திருந்தால் இந்த ஒப்படைப்பு அரை நாள் வேலை.

படம் போனபின் டிஸ்கில் இடம் பண்ணவேண்டி வரும். பிராக்ஸியையும் ரெண்டர் கோப்புகளையும் அழிக்கலாம், மறுபடி செய்துகொள்ள முடியும். மூலக் கோப்புகள், புராஜெக்ட் கோப்பு, வசனமும் இசையும் பிரித்த ஒலித் தடங்கள், முடிந்த படத்தின் மாஸ்டர் ஆகியவை இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடுங்கள். நோட்டையும் ஸ்கேன் செய்து அதோடு போட்டுவிடுங்கள். ஓராண்டு கழித்து யாராவது பத்து நிமிடச் சுருக்கம் கேட்டு வருவார்கள், அப்போது இன்னொரு வாரம் ரஷ் பார்க்க எந்தத் தயாரிப்பாளரும் ஊதியம் தரமாட்டார்.